மெல்லிய தகட்டு விறகு ஸ்மோக்கரை விட்டுத் தடித்த தகட்டுக்கு மாறலாமா?

கேள்வி இதுதான்: பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி வைத்த ஆஃப்செட் ஸ்மோக்கர் (விறகுத் தீயின் அனலிலும் புகையிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பு), 2 மி.மீ. தகடு, இரண்டு ஆண்டாகப் புழக்கத்தில் இருக்கிறது. சூடு ஒரு நிலையில் நிற்பதில்லை, 20 நிமிடத்துக்கு ஒரு தடவை விறகு போட வேண்டியிருக்கிறது, சில நாள் கறியில் கசப்பு ஏறுகிறது. 6 மி.மீ. தகட்டில் செய்த கனமான ஸ்மோக்கருக்கு மாறினால் இதெல்லாம் தீருமா?

பாதி தீரும். மற்ற பாதி புது ஸ்மோக்கருக்கும் உங்களோடு கூடவே வரும். எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்காமல் பணத்தைப் போடக் கூடாது. கீழே பீப்பாய் என்று சொல்வது கறி வேகும் பெரிய உருளையை. சூடெல்லாம் செல்சியஸ் கணக்கு.

முதலில் தகட்டு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் விற்பனைப் பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்கும். தடித்த தகடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் விறகு மிச்சம் என்பார்கள். முன்பாதி சரி, பின்பாதி தவறு. இரும்பு நன்றாகச் சூட்டைக் கடத்தும். 2 மி.மீ. ஆனாலும் 6 மி.மீ. ஆனாலும் உள்ளே இருக்கும் சூடு தகட்டின் வெளிப்பக்கத்துக்கு அநேகமாக அப்படியே வந்து சேர்ந்துவிடும். அங்கிருந்து அது எவ்வளவு வேகமாகக் காற்றோடு போகும் என்பதைத் தகட்டின் பரப்பளவும் அன்றைய காற்றும்தான் முடிவு செய்கின்றன. தடிமனுக்கு அதில் வேலை இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர ஸ்மோக்கரின் வெளிப்பரப்பு 2 சதுர மீட்டர், தகடு வெளிக்காற்றைவிட 100 டிகிரி கூடுதல் சூடு என்று வைத்துக்கொண்டால், காற்று அசையாத நாளில் தகட்டின் வழியாக மட்டும் சுமார் 2.5 கிலோவாட் போய்க்கொண்டே இருக்கும். புகைபோக்கி வழியே போவது தனி. காய்ந்த விறகு ஒரு கிலோ எரிந்தால் கிடைப்பது சுமார் 15 மெகாஜூல், அதாவது ஒரு மணி நேரத்துக்குப் பரப்பினால் 4 கிலோவாட்டுக்குச் சற்று மேல். ஆகவே இந்த அளவு ஸ்மோக்கருக்கு மணிக்கு ஒரு கிலோவாவது விறகு வேண்டும். தகடு 2 மி.மீ. என்றாலும் இதே கணக்குத்தான், 6 மி.மீ. என்றாலும் இதே கணக்குத்தான். தடித்ததில் தொடக்கத்தில் இரும்பைச் சூடாக்கவே கூடுதலாக விறகு போகும். அதோடு, தடித்த தகட்டு ஸ்மோக்கர்கள் பெரும்பாலும் அளவிலும் பெரிதாக இருப்பதால், மாறியவர்கள் கையில் விறகுச் செலவு கூடத்தான் செய்கிறது.

தடிமன் தருவது வேறு ஒன்று: அவகாசம். 6 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 47 கிலோ எடை. 2 மி.மீ. தகடு 16 கிலோகூட வராது. தீ திடீரென்று அடங்கிவிட்டால், மெல்லிய தகடு தன்னிடம் உள்ள கூடுதல் சூட்டில் மூன்றில் இரண்டு பங்கை ஏறத்தாழ 10 நிமிடத்தில் விட்டுவிடும். 6 மி.மீ. தகடு அதே அளவை விட அரை மணி நேரம் ஆகும். காற்று பலமாக வீசினால் இரண்டு கணக்கும் பாதியாகச் சுருங்கும். விறகுத் துண்டு ஒன்று பற்றி, கொழுந்துவிட்டு, தணலாகி அடங்க 30 முதல் 40 நிமிடம் ஆகும். மெல்லிய தகட்டில் அந்த ஏற்ற இறக்கம் முழுவதும் அப்படியே பீப்பாய்க்குள் தெரியும். தடித்ததில் மழுங்கித் தெரியும். ஆகவே 20 நிமிடத்துக்கு ஒரு தடவை விறகு கேட்பது உங்கள் ஸ்மோக்கரில் கோளாறு இருப்பதற்கு அடையாளம் இல்லை. 2 மி.மீ. தகட்டுக்கு அதுதான் இயல்பு. 6 மி.மீ. தகட்டில் அது 35, 45 நிமிடம் ஆகலாம். பதிலுக்கு, தொடக்கத்தில் 25 நிமிடத்தில் தயாராகிவிடும் ஸ்மோக்கருக்குப் பதிலாக ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டிய ஸ்மோக்கர் கைக்கு வரும். சூடு தப்பி மேலே போய்விட்டால் கீழே கொண்டுவரவும் அதே அளவு பொறுமை வேண்டும். இதை வாங்கும்போது யாரும் சொல்வதில்லை.

கசப்புக்கும் தகட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது தீயின் குற்றம், பல நேரம் தீ மூட்டுகிறவரின் குற்றம்.

விறகு சூடேறும்போது முதலில் ஈரம் ஆவியாகிறது. 250, 300 டிகிரியைத் தாண்டும்போது மரம் சிதைந்து வாயுக்கள் கிளம்புகின்றன. அந்த வாயுக்கள் தீப்பிடித்து எரிய 600 டிகிரியை ஒட்டிய சூடும் தாராளமான காற்றும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் சுவாலை எழும்பும், கறிக்கு மணம் தரும் அளவு மெல்லிய புகை மட்டும் மிஞ்சும். கிடைக்காவிட்டால் எரியாத வாயு தார்த் துளிகளாகி வெள்ளைப் புகையாகக் கறி மேல் படியும். நாக்கில் ஊசி குத்தின மாதிரி வரும் கசப்பு அதுதான். கரி அடுப்பில் பழகியவர்கள் சூடு ஏறினால் காற்றுத் திறப்பை மூடிக் குறைப்பார்கள். கரியில் அது செல்லும், ஏனென்றால் கரியில் எரியாத வாயு அநேகமாக மிச்சமில்லை. விறகில் அதையே செய்தால் சுவாலை செத்து, விறகு புகைந்துகொண்டே கிடக்கும். விறகு ஸ்மோக்கரில் சூட்டைத் தீயின் அளவால்தான் கட்டுப்படுத்த வேண்டும். சூடு கூடினால் அடுத்த துண்டைச் சிறிதாகப் போடுங்கள் அல்லது தள்ளிப் போடுங்கள். காற்றுத் திறப்பு பாதிக்குக் கீழே போகக் கூடாது. புகைபோக்கியின் மூடி எப்போதும் முழுதாகத் திறந்தே இருக்க வேண்டும்.

புகைபோக்கியைப் பார்த்தே நிலவரம் தெரிந்துவிடும். அனல் மட்டும் நெளிந்தாலோ, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நீலப் புகை வந்தாலோ தீ சரியாக இருக்கிறது. துகள்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவையாக இருப்பதால்தான் அந்த நீலம். துண்டு போட்டதும் மூன்று, ஐந்து நிமிடம் வெள்ளையாக வருவது சகஜம். பத்து நிமிடம் ஆகியும் வெள்ளை நிற்கவில்லை என்றால் விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது தணல் போதவில்லை, அல்லது காற்று போதவில்லை.

விறகின் ஈரம் 15 முதல் 20 சதவீதம் இருக்க வேண்டும். ஊசி வைத்த ஈரமானி வாங்கினால், துண்டின் மேற்புறத்தில் குத்திப் பார்ப்பதில் பயனில்லை. துண்டைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்த வேண்டும். 25 சதவீதத்தைத் தாண்டினால் தீயில் போட்டதும் முனையில் நுரை தள்ளி 'உஸ்' என்று சத்தம் வரும். மறுபக்கம், சூளையில் உலர்த்தி 10 சதவீதத்துக்குக் கீழே போன விறகு பக்கென்று பற்றிச் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதில் சூடு குதிப்பதை ஸ்மோக்கரின் குற்றம் என்று நினைப்பவர்கள் உண்டு. கடினமான மரமாக இருக்கட்டும். பிசின் வடியும் மரம், பெயின்ட் அடித்தது, பூச்சி மருந்து ஏற்றிய கட்டுமானப் பலகை எதுவும் கூடாது.

துண்டின் அளவுதான் மெல்லிய தகட்டு ஸ்மோக்கரில் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம். 40 செ.மீ. விட்டமுள்ள சிறிய பீப்பாய்க்கு 20, 25 செ.மீ. நீளம், 4, 5 செ.மீ. தடிமன் போதும். கடையில் வரும் முழுத் துண்டை இரண்டாகவோ நான்காகவோ பிளக்க வேண்டியிருக்கும். பெரிய துண்டு பற்றுவதற்குள் பீப்பாய் ஆறிவிடும், பற்றிய பிறகு சூடு அளவு தாண்டிப் போய்விடும், பிறகு காற்றை மூட ஆசை வரும், கசப்பு வரும். அடுத்துப் போகவேண்டிய துண்டை நெருப்புப் பெட்டியின் மேல் வைத்துச் சூடேற்றிக்கொண்டே இருங்கள். போட்ட அரை நிமிடத்தில் பற்ற வேண்டும். அதற்குக் கீழே 5, 7 செ.மீ. கனத்துக்குத் தணல் படுகை இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ கரியைப் பற்றவைத்துக் கொட்டிவிட்டு அதன் மேல் விறகை ஆரம்பிப்பது சீக்கிரமான வழி.

இவ்வளவும் சரிசெய்துவிட்டு, கறி எதுவும் வைக்காமல் காலி ஸ்மோக்கரை ஒரு நாள் நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை இந்த ஒரு சோதனை பெரும்பாலும் சொல்லிவிடும்.

அதற்கு முன் தெர்மாமீட்டர். மூடியில் பதித்து வரும் முள் மீட்டரை நம்பி எந்த முடிவும் எடுக்க வேண்டாம். அது மேலே இருக்கும் சூட்டைச் சொல்கிறது, அதுவும் சரியாகச் சொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை. கறி இருக்கும் மட்டத்தோடு 15, 30 டிகிரி வித்தியாசம் காட்டுவது சாதாரணம். இரண்டு முனை வைத்த டிஜிட்டல் மீட்டர் எடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் விட்டு 100 காட்டுகிறதா என்று பாருங்கள். உயரமான ஊர் என்றால் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். ஒரு முனை நெருப்புப் பெட்டிப் பக்கம், மற்றது புகைபோக்கிப் பக்கம், இரண்டும் கறி வைக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில், இரும்பைத் தொடாமல்.

தீயை 120 டிகிரிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு எண்ணையும் எழுதி வையுங்கள். விறகு போட்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்கள் 15 டிகிரி மேலும் கீழும் ஆடினால் விறகுக்கு அது நல்ல ஆட்டம். நான்கைந்து கிலோ கறித்துண்டின் உட்புறம் அந்த ஆட்டத்தை உணரவே உணராது. அது மணிக்கணக்கில் மெதுவாகச் சூடேறுவது, சராசரி மட்டுமே அதற்குத் தெரியும். முள்ளைத் துரத்தித் துரத்தி மூடியைத் திறப்பவர்தான் கெடுக்கிறார். ஆட்டம் 40 டிகிரியைத் தாண்டினால் தீயிலோ கசிவிலோ இன்னும் வேலை இருக்கிறது. இரண்டு முனைக்கும் நடுவே எப்போதும் 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் நின்றால் அது காற்றோட்டச் சிக்கல். சூடு எங்கே குவிகிறது என்று துல்லியமாகப் பார்க்க, பீப்பாயை 170 டிகிரி அளவுக்கு ஏற்றி, கம்பித்தட்டு முழுவதும் பிரெட் துண்டுகளைப் பரப்பிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். எந்தத் துண்டு கருகியது, எது வெள்ளையாகவே கிடக்கிறது என்பதைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், கறி வைக்கும் இடத்துக்கு அதுவே வரைபடம்.

சோதனையில் தோற்றாலும் உடனே கடைக்குப் போக வேண்டாம். கையிலிருக்கும் ஸ்மோக்கரில் செய்யக்கூடிய வேலைகள் சில இருக்கின்றன. எல்லாமே பயன் தருவன அல்ல.

மிகப் பெரிய பலன் தருவது தீச்செங்கல், அதாவது கடும் சூட்டைத் தாங்கும் செங்கல். 230 × 115 × 65 மி.மீ. அளவுள்ள ஒரு தீச்செங்கல் மூன்றரை கிலோ வரும். ஒரு கிலோ செங்கல் பிடிக்கும் சூடு ஒரு கிலோ இரும்பு பிடிப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆறு செங்கல் என்றால் 20 கிலோவுக்குச் சற்று மேல், அதாவது 40 கிலோ இரும்பைச் சேர்த்ததற்குச் சமம். 2 சதுர மீட்டர் பரப்புள்ள 2 மி.மீ. ஸ்மோக்கரில் மொத்த இரும்பே 31 கிலோதான். 6 மி.மீ. என்றால் 94 கிலோ. ஆறு செங்கல் போட்டால் அந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அடைந்துவிடுகிறது. பீப்பாயின் அடியில், கம்பித்தட்டுக்குக் கீழே, 2, 3 செ.மீ. இடைவெளி விட்டுப் படுக்க வையுங்கள். நெருப்புப் பெட்டியிலிருந்து அனல் நுழையும் வாயையும் கொழுப்பு வடியும் துளையையும் மறைக்கக் கூடாது. கொழுப்பு ஊறாமல் இருக்க அலுமினியத் தாள் சுற்றலாம். தயாராக 20, 30 நிமிடம் கூடுதலாகும். செங்கல் உள்ளிருந்து சூட்டை மெதுவாகத்தான் விடும் என்பதால் தடித்த தகட்டோடு அச்சாக ஒத்துப்போகாது, ஆனால் ஒரு விறகுக்கும் அடுத்த விறகுக்கும் நடுவே சூட்டில் விழும் பள்ளம் நன்றாகக் குறையும். ஆற்றுக்கல், சாதாரண கான்கிரீட் கட்டி வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகி வெடிக்க வாய்ப்புண்டு.

அடுத்தது நெருப்புப் பெட்டிக்குள் விறகு கிடக்கும் கம்பி. பல மலிவு ஸ்மோக்கர்களில் அது அடித்தளத்தோடு ஒட்டிக் கிடக்கும். இரண்டு மணி நேரத்தில் சாம்பல் நிரம்பி அடியிலிருந்து வரும் காற்று நின்றுவிடும். நாலாவது மணி நேரத்தில் மட்டும் வெள்ளைப் புகை வருகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கம்பியை 5 முதல் 8 செ.மீ. உயர்த்தி வைத்தாலே போதும். இரும்பு வலைத்தகட்டில் ஒரு கூடை மாதிரி மடித்துக்கொண்டால் தணலும் சிதறாது.

கசிவு அடைப்பது பற்றி ஏகப்பட்ட பேச்சு இருக்கிறது. கொஞ்சம் மிகைதான். மூடி விளிம்பில் கசிந்தால் அனல் புகைபோக்கிக்குப் போவதற்கு முன்பே தப்பிப்பதால் இழுவை, அதாவது புகைபோக்கி காற்றை இழுக்கும் வலு, குறையும், அதை அடைக்கலாம். நெருப்புப் பெட்டியும் பீப்பாயும் போல்ட்டில் சேரும் இடம் இன்னும் முக்கியம், அங்கே குளிர்காற்று நேராகக் கறிப்பக்கம் நுழைகிறது. நெருப்புப் பெட்டியின் கதவு ஒரு மில்லிமீட்டர் வாய் பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள், விறகுத் தீக்கு அந்தக் காற்று எப்படியும் வேண்டும். மூடிக்கு ஒட்டும் கேஸ்கெட் நாடா, 12 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனம் போதும். பழைய கொழுப்பை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, அதற்குப் பிறகே தீ மூட்ட வேண்டும். மூடி வளைந்திருந்தால் நாடா மட்டும் உதவாது, இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டும் கொக்கி வைக்க வேண்டும். போல்ட் இணைப்புக்கு அடுப்புச் சிமென்ட். சிலிக்கான் பசை உணவுத்தரமாகவே இருந்தாலும் 300 டிகிரியைத் தாண்டும் இடத்துக்கு ஆகாது.

அனலைப் பீப்பாயின் அடியில் பரப்ப ஒரு தடுப்புத் தகடு வைப்பது இரண்டு பக்கச் சூட்டு வித்தியாசத்தைக் குறைக்கும். துத்தநாகம் பூசிய தகடு வேண்டவே வேண்டாம். 200 டிகிரிக்கு மேல் அந்தப் பூச்சு தாங்காது, நெருப்புப் பெட்டி வாயில் அதைவிட மிக அதிகச் சூடு இருக்கும், துத்தநாகப் புகை உடம்புக்குக் கேடு. தண்ணீர்த் தட்டு வைத்தாலும் சூடு அடங்கும், ஆனால் இலவசமாக அடங்காது. ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கவே 2.26 மெகாஜூல் போகிறது. புகைபோக்கியை உள்ளே கம்பித்தட்டு மட்டத்துக்கு இறக்கும் வேலையைப் பலர் சொல்வார்கள். சூடு சற்றுச் சீராகும், இழுவை சற்றுக் குறையும். இழுவை ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் செய்யாதீர்கள்.

இப்போது மாற்ற வேண்டிய கட்டம் எது என்று பார்க்கலாம்.

காய்ந்த சிறு துண்டு, நல்ல தணல், காற்றுத் திறப்பு முழுதாகத் திறந்த நிலை. நெருப்புப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் தீ அழகாக எரிகிறது, மூடினால் இரண்டு நிமிடத்தில் சோர்ந்துவிடுகிறது. இப்படி ஆனால் உங்கள் கைத்திறன் மேல் குற்றமில்லை. ஸ்மோக்கரின் அளவுகளே தவறு. 40 செ.மீ. உயரப் புகைபோக்கியில் 120 டிகிரி அனல் போகும்போது கிடைக்கும் இழுவை ஏறக்குறைய 1 பாஸ்கல்தான், அவ்வளவு நுணுக்கமான விஷயம் அது. குழாய் நீட்டிப் புகைபோக்கியின் உயரத்தை இரட்டித்தால் காற்றோட்டம் 1.4 மடங்கு ஆகலாம். விட்டத்தை 75 மி.மீ.யிலிருந்து 100 ஆக்கினால் குறுக்குப்பரப்பு 1.78 மடங்கு. முதலாவதைப் பத்து நிமிடத்தில் செய்து பார்க்கலாம், அதில் தீ தேறிவிட்டால் சரி. தேறவில்லை என்றால் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். மெல்லிய தகட்டில் அந்தச் செலவு செய்வதைவிட மாற்றுவது மேல்.

இரண்டாவது, துரு. நெருப்புப் பெட்டியின் அடித்தகட்டை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினாலோ செதில் செதிலாக உதிர்ந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. பெயின்ட் உரிவது வெறும் தோற்றக் குறை.

மூன்றாவது, இடம். கம்பித்தட்டு 75 செ.மீ. நீளம் என்று விளம்பரத்தில் இருந்தாலும் நெருப்புப் பெட்டிப் பக்கம் 20, 25 செ.மீ. கறி வைக்க முடியாத அளவு சூடு. மிச்சம் 50 செ.மீ. முழு மாட்டு நெஞ்சுக்கறி ஒன்றே 45 செ.மீ. நீளம் வரும். இரண்டு வைக்க வேண்டிய தேவை மாதத்துக்கு ஒரு முறையாவது வருகிறது என்றால் பெரியது நியாயம். ஆண்டுக்கு ஒரு விருந்துக்காக மற்ற எல்லா நாளும் பெரிய பீப்பாய்க்கு விறகு போட்டுக்கொண்டிருப்பது நியாயமில்லை.

தூங்கும்போது தானாக ஓட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், தடித்த ஆஃப்செட் தப்பான பதில். 45 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்திருக்க வேண்டியதுதான். அதற்குச் சுவருக்கு நடுவே காப்புப்பஞ்சு வைத்த இரட்டைச் சுவர் அலமாரி ஸ்மோக்கர் இருக்கிறது. அங்கேதான் சூடு உண்மையிலேயே தேங்கி நிற்கும், எரிபொருளும் உண்மையிலேயே மிச்சமாகும். ஆனால் அது பெரும்பாலும் கரியில் ஓடும், விறகு நாலைந்து கட்டை மணத்துக்கு மட்டும். முட்டை வடிவ மண் அடுப்பான கமாடோ இன்னும் சிக்கனம், அந்தச் சிக்கனத்தாலேயே அதற்குள் காற்று மிகக் குறைவு, விறகை முதன்மை எரிபொருளாக எரிக்க முடியாது. பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சி) எரிக்கும் பெல்லட் ஸ்மோக்கர், மின்விசிறியும் பெல்லட்டைத் தீக்குத் தள்ளும் திருகுத்தண்டும் வைத்துத் தானே சூட்டைப் பிடிக்கும். மின்சாரம் வேண்டும். பெல்லட் ஈரம் பட்டால் உப்பித் திருகுத்தண்டு சிக்கிக்கொள்ளும். புகை மணம் மிதமாக இருக்கும். கொழுந்துவிட்டெரியும் விறகுத் தீயின் மணம் வேறு, இவை தருவது வேறு. அந்த மணத்துக்காகத்தான் இவ்வளவு பாடும் என்றால் ஆஃப்செட்டிலேயே இருங்கள்.

ஆஃப்செட்டிலேயே மாறுவதானால், பேச்சு முழுக்க 6 மி.மீ. பற்றியே இருந்தாலும், வீட்டுப் புழக்கத்துக்கு 3, 4 மி.மீ. தகட்டில் நல்ல புகைபோக்கியோடு செய்த ஒன்று பலருக்குப் போதும். சரியான காற்றோட்டமுள்ள 3 மி.மீ. ஸ்மோக்கர், மூச்சு முட்டும் 6 மி.மீ. ஸ்மோக்கரை எந்த நாளும் வெல்லும். பெரிய காற்று வீசும் இடத்திலோ குளிரிலோ சமைப்பவர்கள், வாரந்தோறும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுபவர்கள் 6 மி.மீ. எடுக்கலாம். அனல் அடித்தகட்டுக்குக் கீழே ஓடித் திரும்பி வரும் ரிவர்ஸ் ஃப்ளோ வகையில் இரண்டு பக்கச் சூடும் சீராக இருக்கும். அந்தத் தகட்டின் மேல் கொழுப்பு தேங்கித் தீப்பிடிக்காமல் ஒவ்வொரு தடவையும் சுரண்ட வேண்டும், திரும்பும் பாதைக்கு இழுவையும் கூடுதலாக வேண்டும்.

வாங்கப் போகும்போது தகட்டின் கனத்தைக் காலிப்பர் வைத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள், பீப்பாயில் ஓர் இடம், நெருப்புப் பெட்டியில் ஓர் இடம். இரண்டும் வேறாக இருக்கலாம். நெருப்புப் பெட்டியின் கொள்ளளவு பீப்பாயின் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 50 செ.மீ. விட்டம், 120 செ.மீ. நீளப் பீப்பாய் சுமார் 235 லிட்டர். அதற்குப் புகைபோக்கி 125 முதல் 150 மி.மீ. விட்டம் இருக்கட்டும். மூடி விளிம்பில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே பிடி இருக்க வேண்டும். உள்ளே டார்ச்சைப் போட்டு மூடினால் வெல்டிங் ஓட்டைகள் வெளியே ஒளி காட்டும். உள்ளே பெயின்ட் அடித்திருந்தால் வேண்டாம்.

எடையையும் யோசியுங்கள். அந்த 235 லிட்டர் பீப்பாய் 6 மி.மீ. தகட்டில் மட்டும் 107 கிலோ, 50 செ.மீ. கனசதுர நெருப்புப் பெட்டி 70 கிலோ, கால்களும் கதவுப்பட்டைகளும் புகைபோக்கியும் சேர்ந்தால் 250 கிலோவைத் தொடும். நாலு சக்கரத்தில் ஒவ்வொன்றின் மேலும் 60 கிலோ. மண்ணில் புதையும், ஓட்டுத்தரையை உடைக்கும். சமமான, எரியாத தரை, சுற்றிலும் திறந்த வெளி வேண்டும். கூரைக்கடியில், கார் நிறுத்தும் இடத்தில் வைக்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. பழைய எரிவாயுத் தொட்டியை வெட்டிச் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், உள்ளே மிச்ச வாயு இல்லாமல் முறையாகத் தூய்மை செய்த தொட்டியா என்று கேளுங்கள். வெட்டும்போது வெடித்து உயிர் போகும் வேலை அது. ரசாயனம் வைத்திருந்த டிரம் எந்த விலைக்கும் வேண்டாம்.

புதிது வந்து சேர்ந்ததும் உட்புறம் முழுக்கச் சமையல் எண்ணெயை மெல்லிசாகத் துடைத்து, 120 முதல் 135 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் நல்ல சுவாலையில் ஓட்டுங்கள். எண்ணெய் வழிந்து நிற்கும் அளவு பூசினால் பிசுபிசுப்பாகத்தான் காயும். முதல் சில சமையலுக்குப் பன்றித் தோள்கறி, கோழி என்று தவறைப் பொறுக்கும் கறியாக வையுங்கள், ஏனென்றால் பழைய ஸ்மோக்கரில் கை பழகிய துண்டு அளவும் இடைவெளியும் இதில் பொருந்தாது. பழைய வழக்கத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு துண்டு போட்டால் ஒரு மணி நேரத்தில் 160 டிகிரியில் நிற்பீர்கள், இறங்க வெகுநேரம் பிடிக்கும். 105 வந்ததும் தீயைச் சிறிதாக்கிவிட்டால் மிச்சத்தைத் தகடே ஏற்றிக்கொள்ளும்.

பழையதையே வைத்துக்கொண்டாலும் சரி, புதிதானாலும் சரி, சமைத்த மறுநாள் சாம்பலை அள்ளிவிடுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்து அடித்தகட்டை அரிக்கும், நெருப்புப் பெட்டிகள் பெரும்பாலும் வெளிமழையில் சாவதில்லை, உள்ளே விட்ட சாம்பலில்தான் சாகின்றன. மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளுங்கள். ஆறிவிட்டதாகத் தெரியும் சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும், பிளாஸ்டிக் தொட்டியில் கொட்டக் கூடாது.